தாத்தாவின் கடிகாரம் ஏலத்துக்குப் போன கதை

எங்கள் பக்கம் ஏலம் என்றால் இரண்டே ஏலம்தான். ஒன்று கொழும்புத் தேயிலை ஏலம். 1883 ஜூலை 30-ல் தொடங்கியது. நாங்கள் பறிக்கிற கொழுந்துக்கு இன்றும் அங்கேதான் விலை. மற்றது அடகு ஏலம். மீட்க முடியாத நகைக்குக் கடிதம் வரும், அதோடு முடிந்தது. அதனால்தான் "கடிகாரத்தை ஏலத்துக்குக் கொடுப்போமா?" என்று கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எந்தக் கடனுக்குடா?" என்றார்.

கடன் ஒன்றும் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு வந்துவிட்டோம். சாய்மனைக் கதிரையைப் போட்டால் கதவு திறக்கவில்லை. கடிகாரமோ மழைக்காலம் வந்தால் பெட்டி ஊதி, கதவு இறுகி, நின்றுவிடும். மூன்று வருஷமாக அது ஓடவே இல்லை.

தாத்தா ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பங்களா அப்பு. சமையலிலிருந்து துரையின் சப்பாத்துவரை அவர் பொறுப்பு. 1975-ல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்களில் கொஞ்சம் கப்பலேறியது, கொஞ்சம் கண்டியில் விலைபோனது. சுவர்க்கடிகாரத்தையும் வராந்தாக் கதிரையையும் ஒரு குத்துவிளக்கையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முந்தின வருஷம்தான் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் சனம் டவுனில் கையேந்திய காலம். அந்தப் பஞ்சம் ஓய்ந்த கையோடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஜெர்மன் கடிகாரம் மணியடிக்க ஆரம்பித்தது!

கதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுன் மரம், பிரம்புப் பின்னல். கைப்பிடிக்கு அடியில் இன்னொரு பலகை இருக்கும். அதை முன்பக்கம் சுழற்றிவிட்டு அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். மலை ஏறி இறங்கி வந்த துரைமாருக்கு யாராவது பூட்ஸைக் கழற்றிவிட வசதியான ஏற்பாடு. தாத்தா அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையை இழுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதலில் வந்தது பழைய சாமான் வாங்குகிற ஒருவர். கடிகாரத்துக்கும் கதிரைக்கும் சேர்த்து 25,000 ரூபாய் என்றார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓடாத கடிகாரம், பிய்ந்த பிரம்பு. வெறகு விலைக்கு மேலதான் சொல்றேன்" என்றார். வெறகுக்கு எதற்கு இரண்டு தரம் வருகிறார் என்று தோன்றியது. மூன்றாம் தரம் 40,000 ஆனது. அப்போதுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பழைய தளபாடம், கடிகாரம், வெண்கலச் சாமான் ஏலம் நடக்கப்போவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். படம் எடுத்து அனுப்பினேன்.

பதிலுக்கு அவர்கள் கேட்டது கடிகாரத்தின் முகத்தை இல்லை, முதுகை. பெண்டுலத்தைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தேன். பித்தளைத் தகட்டில் எட்டு முனை நட்சத்திரம், அதற்குள் ஜே எழுத்து. ஜெர்மனியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861-ல் தொடங்கிய யுங்ஹான்ஸ் கம்பனியின் முத்திரையாம் அது. பக்கத்தில் 'பி 09' என்று குத்தியிருந்தது. 1909-ன் பின்பாதியில் செய்தது என்று சேகரிப்பாளர்கள் அதைப் படிப்பார்களாம். எத்தனை வருஷம் சாவி கொடுத்திருக்கிறோம், ஒருவரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வி, "இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" கேட்டதும் சுருக்கென்றது. துரை வீட்டுக் கடிகாரம் அப்பு வீட்டில் இருந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். தாத்தாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அவருடைய தகரப் பெட்டியைக் கிளறினால், பிரித்துப் பிரித்து மடிப்பே கிழிந்த ஒரு கடிதம். இன்னின்ன சாமான்களை இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, துரையின் கையெழுத்து, தேதி. பொலிஸ் வந்தால் காட்ட வைத்திருந்தாராம்; அம்மா சொல்லித்தான் தெரியும். ஏலக் கம்பனியில் அதைப் பார்த்த பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "இந்தக் கடிதத்துக்கே விலை கூடும்" என்றார். சாமானின் கைமாறிய வரலாறு தெரிந்தால் வாங்குகிறவனுக்குத் தைரியம் வருமாம். தாத்தா பயந்து ஒளித்து வைத்த காகிதம்!

சாமான்களை ஒரு தரம் நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பெட்டியைக் கிளறிய சாக்கில் தங்கச்சி, பூசையறையில் இருந்த சின்ன வெண்கலப் பிள்ளையாரையும் காட்டிப் பார்க்கலாம் என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை, ஆனாலும் நான் ஒளித்துக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் கையில் எடுத்து, மடிப்பு ஓரங்களை விரலால் தடவினார். "நூறு வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தால் மூக்கும் வயிறும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். இது ஓரம் கூர்மையாக இருக்கிறது, புதுசு" என்றார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வழியவிட்டு உலோகம் ஊற்றுகிற வேலையில் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒன்றுபோல இன்னொன்று அச்சாக இருக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். பழைய சிலையாக இருந்திருந்தாலும், எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று தெரியாமல் தொடமாட்டாராம். பிள்ளையார் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சட்டத்தையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். 1940-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2-க்கு முந்தினது தொல்பொருள். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே நாள். அப்படிப்பட்டதை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எங்கள் சாமான் எல்லாம் அதற்குப் பிந்தியது, அந்தச் சட்டத்தால் தொல்லை இல்லை.

விளக்கு விஷயத்தில் தப்புச் செய்துவிட்டோம். ஏலத்துக்குப் போகிறது, பளபளப்பாக இருக்கட்டும் என்று அம்மா முதல் நாள் இரவு புளி போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி வைத்திருந்தார். பெரியவர் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். பித்தளையின் மேல் படிந்த அந்தக் கருமைதான் வயசுக்குச் சாட்சியாம். நல்லவேளை, கதிரைக்கு வார்னிஷ் அடிக்கத் தம்பி நாவலப்பிட்டியிலிருந்து வருவதாகச் சொல்லி இன்னும் வந்திருக்கவில்லை. பிய்ந்த பிரம்பையும் அப்படியே விடச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தேன். விற்ற விலையில் 15 சதவீதம் ஏலக் கம்பனிக்குக் கழிவு. பட்டியலில் போட ஒரு சாமானுக்கு 2,000. வாங்குகிறவரும் தன் பங்குக்கு விலைக்கு மேல் 10 சதவீதம் கட்ட வேண்டும். இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று ஒரு அடிவிலை நாங்கள் சொல்லலாம். அது மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. கடிகாரத்துக்கு 60,000, கதிரைக்கு 80,000, விளக்குக்கு 20,000 என்று எழுதினேன்.

கையெழுத்துப் போடும்போது, கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வட்டத் தகரம் மேசையில் விழுந்தது. மேலே ஓட்டை, முகத்தில் குத்திய எழுத்தும் எண்களும். தாத்தாவின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து மண்டபம் என்ற ஊரின் முகாம் வழியாகத் தோட்ட வேலைக்கு வந்தபோது கழுத்தில் கட்டிய தகரத் துண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று பார்த்ததும் தெரிய. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதற்கும் ஆள் இருக்கிறது. கடிகாரத்தோடு போட்டி போடும்" என்றார். நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

கடைசியாகச் சாமான்களை ஒப்படைக்க வேன் பிடித்தோம். கினிகத்தேனை வளைவுகளில் சத்தம் கேட்டது. பெண்டுலத்தைக் கழற்றாமல் ஏற்றியது என் புத்திசாலித்தனம். அது தொங்குகிற மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒடிந்துவிட்டது. கண்டியில் ஒரு கடிகாரக்காரரைத் தேடிப் பிடித்து, தகட்டை மாற்றி, எண்ணெய் விட்டதில் மூன்று வருஷமாக நின்ற கடிகாரம் ஓட ஆரம்பித்தது. 3,500 ரூபாய். தன் சாவியால் முறுக்கிக் கொடுத்தார்.

ஏலம் நடந்தது மொத்தம் மூன்று மணி நேரம். எங்கள் சாமான்களுக்கு ஆறேழு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிகாரம் 40,000-ல் தொடங்கி ஐயாயிரம் ஐயாயிரமாக ஏறியது. 70,000 தாண்டியதும் மண்டபத்தில் ஒருவரும் டெலிபோனில் ஒருவரும்தான். 85,000-க்குச் சுத்தியல் விழுந்தது. கதிரை 140,000. விளக்கை 12,000-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. புளிக்குக் கொடுத்த விலை.

பட்டியல் புத்தகத்தில் கதிரைக்குக் கீழே "மலைநாட்டுத் துரை பங்களாவிலிருந்து வந்தது" என்று போட்டிருந்தார்கள். கடிகாரத்துக்கும் அப்படியே. பொய் இல்லை. ஆனால் அந்தக் கடிகாரம் துரை பங்களாவில் எத்தனை வருஷம் இருந்ததோ, எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பட்டியல் அச்சாகுமுன் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "லயத்திலிருந்து என்று போட்டால் விலை இறங்கும், நட்டம் உங்களுக்குத்தான்" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நானும் விட்டுவிட்டேன். அந்த விட்டுக்கொடுப்பில் எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கிடைத்தது என்று அவ்வப்போது கணக்குப் பார்ப்பதுண்டு.

நாலு வாரம் கழித்துக் காசோலை வந்தது. 225,000-ல் கழிவு 33,750, பட்டியல் செலவு 6,000 போக 185,250 ரூபாய். வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க அணை கட்டினோம். விளக்கு திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை தோறும் எரிகிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஏலக் கம்பனியிலிருந்து டெலிபோன். கடிகாரம் வாங்கியவர் கேட்கிறாராம், சாவி எங்கே என்று. அம்மா எழுந்து போய் சீனி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தார். தாத்தா அதை அங்கேதான் வைப்பார். துணியில் துடைத்து, பழைய மருந்துக் கவரில் போட்டுத் தந்தார். தகரத் துண்டு கிடந்த பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "இடதுபக்க ஓட்டை மணிக்கு, வலதுபக்க ஓட்டை ஓட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுக்கவும்" என்று என்னிடம் எழுதச் சொன்னார். ஹட்டன் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.