லோயரில் எடுக்கும் முடிவு: எச்.எஸ்.சி. நாட்குறிப்பு

ஜனவரி 21

எஸ்.சி. பொதுத் தேர்வின் முடிவு கைக்கு வந்து, அடுத்த இரண்டாண்டு எச்.எஸ்.சி. படிப்பு (முதல் ஆண்டு லோயர், இரண்டாவது அப்பர்) தொடங்கும்போது மொரீஷியஸ் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சயின்ஸா, எக்கனாமிக்ஸா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்தப் பட்டப்படிப்பு, அது எந்தப் பாடத்தைக் கட்டாயம் என்கிறது? பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும். மருத்துவத்துக்கு வேதியியல், பெரும்பாலும் உயிரியலும். கணினி அறிவியலுக்குப் போகிற பிள்ளை கணினிப் பாடம் எடுக்காவிட்டாலும் சமாளிக்கலாம். கணிதம் இல்லையென்றால் நல்ல இடங்கள் பலவற்றில் விண்ணப்பமே நிற்காது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்ப் பட்டம் படிக்க நினைப்பவர் தமிழைச் சப்சிடியரியாக (துணைப் பாடமாக) வைத்துக்கொண்டு திருப்திப்பட வேண்டாம், பிரின்சிபலாகவே (முழு ஏ லெவல் பாடமாகவே) எடுக்கட்டும்.

மூன்று பிரின்சிபல், ஜெனரல் பேப்பர் என்னும் பொதுத் தாள், இன்னொரு சப்சிடியரி என்பது வழக்கமான கட்டு. எஸ்.சி.யில் எண் குறையக் குறையத் தரம் உயர்வு; 1 முதல் 6 வரை கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி. ஆங்கிலத்தில் 7 அல்லது 8 வாங்கியவர் அதை மறுபடி எழுதும் வேலையை லோயர் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும். ரெடுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் கிரெடிட் கேட்கிறது.

பிப்ரவரி 3

இன்று கணிதம் மட்டும். பாடத்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே எந்தத் தாள்களை எழுதுகிறோம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் கணிதப் பாடத்திட்டமான 9709இல் பிரின்சிபலுக்கு நான்கு தாள்கள். தூய கணிதம் 1, தூய கணிதம் 3 இரண்டும் தலா 75 மதிப்பெண், தலா 30 விழுக்காடு. மீதி இரண்டு தலா 50 மதிப்பெண், தலா 20 விழுக்காடு: இயக்கவியலும் புள்ளியியல் 1உம், அல்லது புள்ளியியல் 1உம் 2உம். சப்சிடியரியில் தூய கணிதம் 1, 2 என்று ஒரு வழி உண்டு. பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் அது முட்டுச்சந்து, அந்த வழியில் போனவர் அதை வைத்து முழு ஏ லெவலுக்கு ஏற முடியாது. "முதலில் சப்சிடியரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்கள் தூய கணிதம் 1உடன் இயக்கவியலையோ புள்ளியியலையோ சேர்த்துக்கொள்ளட்டும்.

புள்ளியியல் இரண்டையும் எடுத்துவிட்டு, ஃபர்தர் மேத்ஸும் (கூடுதல் கணிதப் பாடம், எண் 9231) வேண்டும் என்பவருக்கு இன்னொரு தொல்லை. 9231இன் மூன்றாம் தாள் இயக்கவியலின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அந்தப் பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 12

லெசோனில் (தனி டியூஷனில்) கைமாறும் பழைய வினாத்தாள் கட்டுகளைப் பற்றி. 2020இல் 9709 மாறியது. அதற்கு முன் ஐந்தாம் தாள் என்றால் இயக்கவியல் 2. இப்போது அந்த எண்ணில் இருப்பது புள்ளியியல் 1. முன்பு முதல் தாளில் இருந்த வெக்டர் மூன்றாம் தாளுக்குப் போய்விட்டது, இயக்கவியலில் உந்தம் சேர்ந்தது. 2019 தாளைக் கையில் கொடுத்து நேரம் வைத்து எழுதச் சொன்னால், பிள்ளை பாடத்திலேயே இல்லாத கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டுத் தனக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்ளும். கட்டை வாங்கியதும் ஆண்டைப் பாருங்கள், பிறகு தாள் எண்ணை.

மார்ச் 6

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் ஐந்து தாள்கள். மூன்றாம் தாள் ஆய்வகத்தில், ஐந்தாம் தாள் ஆய்வைத் திட்டமிட்டுத் தரவை அலசுவது. தலா 11.5, சேர்ந்தால் 23 விழுக்காடு. லெசோனில் இதற்கு நேரம் ஒதுக்குவோர் குறைவு. கரும்பலகையில் சோதனைக் குழாய் வரைந்து காட்டி என்ன பயன்? போதாக்குறைக்கு, இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போகும் ஆய்வக நாட்களைப் பின்னால் ஈடுகட்டவே அட்டவணையில் இடம் விட வேண்டும்.

இயற்பியல் மூன்றாம் தாளில் மதிப்பெண் சிந்தும் இடங்கள் அற்பமானவை. மில்லிமீட்டர் அளவுகோலில் எடுத்த நீளத்தை 24 என்று எழுதினால் போயிற்று, 24.0 செ.மீ. என்றிருக்க வேண்டும், அந்த நெடுவரிசை முழுக்க அதே தசமம். தலைப்பில் அளவின் பெயரும் அலகும் வேண்டும். வரைபடத்தில் புள்ளிகள் இரு திசையிலும் வரைபடத்தாளின் பாதிக்கு மேல் பரவ வேண்டும். ஒரு பெரிய கட்டத்துக்கு 3 என்று அளவு எடுத்தால் புள்ளி வைக்கும் கையும் தடுமாறும், திருத்துபவரும் தள்ளிவிடுவார். 1, 2, 5 போதும். சரிவு காண வரையும் முக்கோணத்தின் நீண்ட பக்கம், கோட்டின் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

மார்ச் 27

ஜெனரல் பேப்பர்: கட்டுரைக்கு 1 மணி 15 நிமிடம், பத்துத் தலைப்பில் ஒன்று, 600–700 சொற்கள். பத்து நிமிடம் திட்டத்துக்கு. நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, நாளிதழைப் பிரெஞ்சில் படித்து, இதை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அதனால் வாரம் ஒரு கட்டுரையாவது எழுத வேண்டும், கடைசித் தவணைக்குத் தள்ள முடியாது.

ஜூன் 30

அப்பர் மாணவர்களுக்கு. பிரிட்டனில் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் யூகாஸ் (அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியே விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. அது நம் எச்.எஸ்.சி. எழுதும் பருவம். முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பிப்பதால் பள்ளி தரும் கணிப்பு மதிப்பெண்தான் பேசும், அதற்கு அடிப்படை ஆண்டின் நடுவில் நடக்கும் தேர்வுகள். மருத்துவத்துக்கு யூகேட் என்னும் நுழைவுத் தேர்வும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான அந்தத் தேர்வுக் காலத்தில் முதல் பாதியிலேயே எழுதிவிட்டால் செப்டம்பர் பாடத்துக்கு மிஞ்சும். விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் சொந்த விளக்கம் இப்போது ஒரே கட்டுரை அல்ல: மூன்று கேள்விகள், மொத்தம் 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆகஸ்ட் முடிவதற்குள் அதை முடித்து, பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் லண்டன் மாலை ஆறு மணி என்பது போர்ட் லூயியில் இரவு ஒன்பது. மறுநாள் காலை தேர்வு இருக்கும் பிள்ளையை அந்த நேரத்தில் படிவத்தின் முன் உட்கார வைக்காதீர்கள்.