மான் சீசன், மாமா, அப்புறம் அந்த நாலு மணி நேரம்

போன சனி ஞாயிறு குடும்பத்தோட மான் வேட்டைக்குப் போயிட்டு வந்தோம். மாமா (அம்மாவோட தம்பி, எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கத்துக்குடுத்தவர்), அக்கா, மச்சான், அக்கா பொண்ணு, என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு, நான். சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இன்னும் மனச விட்டுப் போகல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

அக்கா பொண்ணுக்கு இது முதல் சீசன். கோர்ஸ் முடிச்சு லைசென்ஸ் வாங்கி, ஒரு டேக்கையும் (மான் சுடுறதுக்குக் குடுக்குற அனுமதிச் சீட்டு, ஆண் மானுக்கு வேற, பெட்டைக்கு வேற) வாங்கி வச்சிருந்தா, அதைப் பத்து தடவையாவது எடுத்துப் பாத்திருப்பா. ஒரு டேக்குக்கு ஒரு மான்தான், அதுக்கு மேல கிடையாது. காலையில நாலு மணிக்கு நீல ஜீன்ஸ் போட்டு ரெடியா நின்னா, மாமா பாத்துட்டு "அதை மாத்திட்டு வாம்மா"ன்னு சொன்னாரு. "தாத்தா, இவ்ளோ பளிச்சுன்னு ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருக்கேன், ஜீன்ஸ்ல என்ன"ன்னு கேட்டா. மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, ஆனா நீலம் நல்லாவே தெரியும். ஆரஞ்சு மத்த வேட்டைக்காரங்க கண்ணுல நாம படுறதுக்கு, அதுல மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

காலையில ஒண்ணும் கிடைக்கல. இருட்டோட பரண் மேல ஏறி, கீழ விழாம இருக்க ஹார்னஸ் வாரை மாட்டி, குண்டு போடாத ரைஃபிள கயித்துல மேல இழுத்து வச்சிட்டு உக்காந்தேன். ஏழரை மணி வாக்குல கீழ்ப் பள்ளத்துல நல்ல கொம்பன் மான் ஒண்ணு (அதைச் சுட வேற டேக் வேணும்), அது பின்னாடியே மூணு பெட்டை மான் வந்துச்சு, நான் மூச்சு கூட மெதுவா விட்டேன். அதுவரைக்கும் குளிர்ந்த காத்து மேட்டுலேந்து வேற பக்கமா கீழ இறங்கிட்டு இருந்துச்சு, வெயில் பட்டு சூடானதும் அப்படியே திரும்பி என் வாசனையைச் சுத்தி அடிச்சு அதுங்ககிட்ட கொண்டு போயிடுச்சு. முன்னாடி நின்ன பெட்டை காலைத் தரையில ஒரு உதை, மூக்கால ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கிட்டு எல்லாம் ஓடிப்போச்சு.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தனியா ஒரு பெட்டை வந்துச்சு, எண்பது மீட்டர் தூரம். என்கிட்ட இருந்தது பெட்டை டேக்தான். முன்னங்காலுக்குப் பின்னாடி, இதயமும் நுரையீரலும் இருக்குற எடம், அங்கதான் குறி வைக்கணும்னு தெரியும், ஆனா வெளிச்சம் போகுதேன்னு அவசரப்பட்டேன். அது ஒரு அடி எடுத்து வச்ச நேரத்துல சுட்டுட்டேன். முதுகைக் குனிச்சு ஓடி மரங்களுக்குள்ள மறைஞ்சிடுச்சு.

உடனே இறங்கி ஓடணும்னு இருந்துச்சு. மாமாவுக்கு மெசேஜ் போட்டேன், "எறங்காத, அரை மணி நேரம் உக்காரு"ன்னு பதில் வந்துச்சு. அடிபட்ட மான் யாரும் துரத்தலன்னா கொஞ்ச தூரத்துலயே படுத்துடும், துரத்தினா எங்கயோ போய் கஷ்டப்பட்டு சாகும். அரை மணி நேரம் கழிச்சு இறங்கிப் பாத்தா ரத்தம் கருஞ்சிவப்பு. நுரையீரல்ல பட்டிருந்தா நல்லா சிவப்பா நுரையோட இருக்கும், குடல்ல பட்டிருந்தா பச்சையும் நாத்தமும் இருக்கும், இது ரெண்டும் இல்ல, கல்லீரல், அப்போ இன்னும் நேரம் குடுக்கணும். மாமா திட்டவே இல்ல, "சத்தம் போடாம திரும்பு, ஒம்போது மணிக்கு எல்லாரும் சேர்ந்து வருவோம்"னு மட்டும் சொன்னாரு.

அந்த நாலு மணி நேரம் கேபின்ல என்னால ஒரு வாய் சாப்பிட முடியல, ஒரு உயிரு இருட்டுல கிடக்குது, நான் வைக்கவேண்டிய எடத்துல வைக்காததால கிடக்குது, இதே நெனப்பு.

ஒம்போது மணிக்கு எல்லாரும் டார்ச்சோட கிளம்பினோம், துப்பாக்கிய எல்லாம் கேபின்லயே பூட்டி வச்சிட்டுத்தான். ரத்தம் கண்ட எடத்துல எல்லாம் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒண்ணு வச்சுக்கிட்டே போனோம், யாரும் தடத்து மேல மிதிக்கக்கூடாது, பக்கத்துலயே நடக்கணும். பின்னாடி திரும்பிப் பாத்தா அந்த வெள்ளைத் துண்டுங்க வரிசையா நின்னு மான் எந்தப் பக்கம் போச்சுன்னு காட்டும். அறுபது மீட்டருக்கு அப்புறம் ஒரு சொட்டு கூட இல்ல. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் இடது பக்கம், மச்சானும் மாமாவும் நேரா, நான் வெறும் தரையையே பாத்துக்கிட்டு நிக்குறேன். அக்கா மட்டும் முட்டி போட்டு உக்காந்து டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சு, தரையில இல்லடா, இங்க பாருன்னு கூப்பிட்டா. முழங்கால் உயரத்துல புல்லுல ரத்தம் தேய்ச்சிருந்துச்சு, மான் உடம்பு உரசிப் போன எடம். அங்கேந்து நாப்பது அடி, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குக் கீழ படுத்திருந்துச்சு.

கண்ணு திறந்திருந்துச்சு. பின்பக்கமாப் போய் நீட்டுக் குச்சியால கண்ணைத் தொட்டுப் பாத்தோம், அசையல. நான் அது கழுத்துல கைய வச்சு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், யாரும் அவசரப்படுத்தல. டேக்கைக் கட்டிட்டு அங்கயே வயித்தைத் திறந்து உள்ள இருக்கிறத எடுத்தோம், கறி சீக்கிரம் குளிரலன்னா கெட்டுப்போகும். ஓட்டை கல்லீரல்லதான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை நான் பரண் ஏறல, தோல் உரிச்சு கறி வெட்டுறதுலயே பொழுது போச்சு. அக்கா பொண்ணு மாமாவோட உக்காந்திருந்தா. அவ டேக்குக்கு ஏத்த கொம்பன் ஒண்ணு ஐம்பது மீட்டர்ல வந்து கால் மணி நேரம் நின்னுச்சாம், நேருக்கு நேரா மட்டும். பக்கவாட்டுல திரும்பவே இல்லையாம், அப்படியே போயிடுச்சாம். இறங்கி வந்ததும் என்கிட்டதான் முதல்ல சொன்னா, "மாமா, அது திரும்பல, அதான் நான் சுடல." அந்தப் பொறுமை நேத்து எனக்கு இல்லையேன்னு அவகிட்டயே சொன்னேன். புதன்கிழமை சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு என்னோட வர்றேன்னு சொல்லியிருக்கா.

தலையை டெஸ்டுக்குக் குடுத்திருக்கோம். 1967ல அமெரிக்காவுல கொலராடோவுல முதல்ல கவனிச்ச, மானை மெலிய வைக்கிற CWDங்கிற நோய் இருக்கான்னு கழுத்துல இருக்குற நிணநீர்க் கணுவுலதான் பாப்பாங்க. பாத்தா நல்லா இருக்குற மான்ல கூட அது இருக்கலாம், ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு துண்டு கூட யாரும் சாப்பிடக்கூடாதுன்னு மாமா சொல்லிட்டாரு. கறி எல்லாம் தேதி எழுதி ஃப்ரீசர்ல இருக்கு. ரிசல்ட் நல்லபடியா வந்துச்சுன்னா ஏழு பேருக்கும் பங்கு பிரிக்கணும், முதல் பங்கு அக்காவுக்கு.