பதினொரு முறை வெளியே போன அப்பா

பதிப்பகத்தில் சில வருடம் மெய்ப்புப் பார்த்த பிறகு, பிரதி திருத்தும் வேலைக்கு மாற்றி, கையில் கொடுத்த முதல் நாவல் அது. குடிசைப் பகுதியில் வளரும் ஒரு பெண்ணின் கதை. பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பதினாறில் முடிகிறது. ஊர்ப் பெயர் எங்கும் கிடையாது. எழுதிய அம்மையார் அப்படியொரு இடத்தில் வளர்ந்தவர் என்பது தெரியும். தெரிந்தும் என் சிவப்புப் பேனா சும்மா இருக்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் கொஞ்சம் படித்துக்கொண்டேன். ஐ.நா. வாழ்விட அமைப்பின் கணக்கில் நல்ல குடிநீர், கழிப்பறை, போதிய இடம், உறுதியான கட்டடம், காலிசெய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமில்லாத குடியிருப்பு உரிமை, இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலே அது குடிசைப் பகுதிக் குடும்பம். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் இடம் போதாது. உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இப்படி வாழ்கிறார்கள். நாவலின் வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். சரி, விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரதியில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: "அப்பா வெளியே போனார்." எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடம். எங்கே போனார், எதற்குப் போனார், ஒன்றும் இல்லை. அடுத்த பத்தியில் திரும்பி வந்திருப்பார். கூறியது கூறல், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. ஒன்பதை அடித்துவிட்டேன். ஓரத்தில் வேறு சில கேள்விகளும் எழுதினேன். நாலு மணிக்கு மேல் இவள் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை? எல்லா ரகசியமும் மழை நாளிலேயே பேசப்படுகிறதே, செயற்கையாக இல்லையா?

பிரதி போன மூன்றாம் நாள் போன் வந்தது. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

"தம்பி, அவ துணி மாத்தணும். இருக்கறது ஒரே அறை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். இருட்டிய பிறகு பொதுக் கழிப்பறைக்குப் போக யாரையாவது துணைக்கு எழுப்ப வேண்டும், அதற்குத் தாகம் எவ்வளவோ மேல். தகரக் கூரையில் மழை கொட்டும்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் காதோடு காது வைத்துப் பேச முடியும். மற்ற நாளில் இருமினால்கூட அடுத்த வீட்டில் மருந்து சொல்வார்கள்.

அன்று இரவு பதினொரு இடத்தையும் வரிசையாகப் படித்தேன். முதல் தடவை அம்மா "கொஞ்சம் வெளியே போங்க" என்கிறாள். நாலாவதில் யாரும் சொல்வதில்லை, அவரே எழுந்துவிடுகிறார். எட்டாவதில் கால் அடிபட்டுப் படுத்திருக்கிறார். எழ முடியாமல் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். அதைப் பார்த்தவள் மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்து இருட்டிலேயே மாற்றிக்கொள்கிறாள். பதினொன்றாவதில் மழை. அவள் மனதில் அப்பா உயர்ந்துகொண்டே போகும் விதமாகவே நாவல் நகர்கிறது. அதைத்தான் நான் குற்றம் என்று அடித்திருந்தேன்.

இதோடு விட்டேனா என்றால் இல்லை. பின்னட்டைக் குறிப்பில் 'சேற்றில் முளைத்த செந்தாமரை' என்று எழுதி அனுப்பினேன். "இதுல சேறு யாரு தம்பி, அவ அப்பாவா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கள் தொழிலில் இந்தத் தாமரை ஒரு வியாதி. ஏழைப் பெண் படித்துவிட்டால் போதும், அட்டையில் பூத்துவிடும். கடைசியில் குறிப்பே வேண்டாம் என்று, நாவலின் முதல் நாலு வரியைப் பின்னட்டையில் போட்டோம்.

அச்சுக்குப் போகுமுன் இறுதி மெய்ப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பத்துதான் இருந்தது. பழைய கோப்பை எடுத்துத் தேடினால், அந்த மழை நாள் விட்டுப்போயிருந்தது. சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.