ஆறு மணிக்குத் திறக்கும் சாலை

பந்திப்பூர் காட்டுக்குள் போகும் தேசிய நெடுஞ்சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். இதைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் அவர். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வண்டிகள் இரவு பகல் பார்க்காமல் வரிசையில் நிற்கும். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் போதும், பின்னால் நிற்கிற அத்தனை பேரும் ஹாரனை அழுத்துவார்கள். தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் எங்களுக்கும் அது பழகின சத்தம்தான். "ஹைவேஸ எப்டிடா மூடுவான்? சரக்கு இன்னா பறந்தா போவும்?" என்று கேட்டார். நேர்ல வந்து பாருங்க மாமா என்றேன். தம்பி மகளும் முதுமலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சரி, இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

சென்னையிலிருந்து முதுமலைக்குச் சேலம், ஈரோடு, மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ஏறி இறங்கலாம். இல்லையென்றால் ஓசூர், மைசூரு, குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூரைக் கடந்து போகலாம். இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம். 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடியும் நேரத்தில் காட்டின் வாசலில் இருக்க வேண்டும் என்பதால் சாயங்காலமே கிளம்பினோம். தம்பியின் எர்டிகா. அம்மா புளிசாதமும் காசிமேட்டில் வாங்கி வறுத்த நெத்திலியும் எவர்சில்வர் தூக்கில் கட்டியிருந்தார். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பைக்கும் அனுமதி இல்லை என்பதால் தண்ணீருக்கும் எவர்சில்வர் குடம்தான்.

மூலக்கடை, மாதவரம், பாடி, மதுரவாயல், பூந்தமல்லி. நம்ம ஊரை விட்டு வெளியேறுவதற்குள் ஒரு முழுப் பயணம் முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகுதான் தம்பி ஐந்தாவது கியருக்குப் போனான். வேலூருக்கு அப்புறம் சாலை பாலாற்றுக்குத் துணையாகவே ஓடுகிறது, ஆனால் இருட்டில் ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆம்பூரில் நிறுத்திச் சீரகச் சம்பா பிரியாணியும் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டோம். அந்த அரிசியின் வாசனைக்காகவே இந்த வழியில் இன்னொரு தரம் போகலாம். புளிசாதம் காலைக்கு என்று ஒதுங்கியது.

நீண்ட இரவுப் பயணம் போகிறவர்கள் மாமாவிடம் ஒரு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் தம்பிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். நெடுந்தூர லாரியில் கிளீனரின் முதல் வேலை அதுதானாம். "ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும்தான் ரோடு ஆள முழுங்கும். கண்ணு சொக்குதுன்னா பாட்டு வெக்காத, கண்ணாடிய எறக்காத. வண்டிய ஓரங்கட்டிட்டு பத்து நிமிஷம் படு," என்றார். அப்படியே செய்தோம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடை, ஓசூருக்கு முன்னால் ஒரு சின்னத் தூக்கம். பெங்களூரு நகரத்துக்குள் நுழையாமல் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூரு சாலைக்குப் போய்விட்டோம். 2023-இல் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. வேகம் உண்டு, பார்க்க ஒன்றும் கிடையாது. ராமநகரத்தின் பாறைக் குன்றுகளும் சென்னப்பட்டணத்தின் மரப் பொம்மைக் கடைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்விட்டன.

மைசூருவைச் சுற்றிக்கொண்டு, நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றைக் கடந்தபோது காற்றே மாறிவிட்டது. ஈரமும் மண்வாசனையுமாக இருந்தது. குண்டலுப்பேட்டையில் சாலை பிரிகிறது. தேசிய நெடுஞ்சாலை 766 வயநாட்டுக்குப் போகிறது, 181 ஊட்டிக்கு. இரண்டுமே பந்திப்பூர் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறவைதான், இரண்டுக்குமே இரவில் கதவு உண்டு. நாங்கள் 181-ஐப் பிடித்து மேலுகாமனஹள்ளி சோதனைச் சாவடிக்கு வந்தபோது மணி ஐந்தே கால்.

எங்களுக்கு முன்னால் லாரிகள், டெம்போக்கள், சுற்றுலா வேன்கள், கார்கள் எல்லாம் விளக்கை அணைத்து வரிசையில் நின்றன. ஒரு வண்டியிலும் இன்ஜின் ஓடவில்லை. மாமா இறங்கி லாரிகளின் ஓரமாக நடந்து போனார். நாமக்கல் பதிவெண் கொண்ட ஒரு லாரியின் டிரைவரோடு அவர் பேசிக்கொண்டிருப்பது காரிலிருந்தே தெரிந்தது. திரும்பி வந்து, "ஒருத்தனும் ஆரன் அடிக்கலடா. கம்முனு நிக்கிறானுங்க. ஒம்போது மணிக்கு முன்னாடி வந்தா போலாம், இல்லாட்டி இங்கயே சோறாக்கித் தின்னுட்டு படுத்துக்குவோம், மானு யானை எல்லாம் நிம்மதியா போவட்டும்ன்றான்," என்றார்.

இந்தத் தடை 2009-இல் சாமராஜநகர் மாவட்ட ஆட்சியரின் உத்தரவாக வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு நடந்தது. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. காரணம் எளிமையானது. இருட்டில் நடமாடும் மிருகங்களின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கலான நிலவொளியிலும் அவற்றுக்குப் பார்வை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கண்ணில் ஹெட்லைட் நேராக விழுந்தால் மிருகம் ஓடாது, அப்படியே திகைத்து நின்றுவிடும். மான், குரங்கு முதல் யானை வரை இந்தச் சாலையில் வண்டி மோதிச் செத்திருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் இரவில் அனுமதி உண்டு.

வயநாட்டுக்காரர்கள் தடையை நீக்கச் சொல்லித் தொடர்ந்து கேட்கிறார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அவர்களுடைய கஷ்டத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காய்கறி வண்டி ஒரு ராத்திரி நின்றால் யாருக்கு நஷ்டம் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்தத் தடை இருக்க வேண்டும். ஹுன்சூர், குட்டா வழியாக வயநாட்டின் மானந்தவாடிக்குக் காட்டைப் பெரிதும் விலக்கிக்கொண்டு போகும் மாற்றுச் சாலை இருக்கிறது. தூரம் கூடுதல், அவ்வளவுதான். யானைக்கு மாற்றுச் சாலை எங்கே இருக்கிறது? ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் நாம் ஓட்டிக்கொள்கிறோம், ஒன்பது மணி நேரம் அதற்கு. நெடுஞ்சாலையை இரண்டாகப் பங்குபோட்ட இந்த ஏற்பாட்டைப் போல நியாயமான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரியாக ஆறு மணிக்கு வனத்துறை ஊழியர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்தன. உள்ளே எங்கும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குரங்குக்கோ மானுக்கோ தின்னக் கொடுக்கக் கூடாது. போதாததற்கு அடிக்கொரு வேகத்தடை.

அந்த முதல் அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று இப்போதும் நினைக்கிறேன். ராத்திரி முழுக்க அந்தச் சாலை யார் கையில் இருந்தது என்பது தார் மேலேயே தெரிந்தது. நடு ரோட்டில் ஈரம் காயாத யானை லத்தி. கொஞ்சம் தள்ளி, உரித்துப் பட்டையைத் தின்றுவிட்டுப் போட்ட ஒரு கிளை. வேகத்தடையின் மேலேயே புள்ளிமான் புழுக்கை. மான்கள் இன்னும் கலைந்து போகவில்லை. சாலையோரப் புல்லில் குட்டிகளோடு கூட்டமாக நின்றன, முதல் லாரி வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிவிட்டு உள்ளே நகர்ந்தன. ஒரு காட்டெருது, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. தம்பி மகள் மூச்சுவிடக்கூட மறந்துவிட்டாள்.

அப்புறம் முன்னால் போன வண்டிகள் நின்றுவிட்டன. வலது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு பெரிய பெண் யானை வந்து சாலையின் நடுவில் நின்றது. அதன் பின்னால் இன்னும் சில பெண் யானைகள், நடுவே இரண்டு குட்டிகள். ஒரு குட்டி தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து நடந்தது. பெரியது எங்கள் பக்கம் காதை விரித்துக்கொண்டு நின்று, கடைசி யானை மறுபக்கம் இறங்கும் வரை நகரவே இல்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் முந்தப் பார்க்கவில்லை. அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "புள்ளத்தாச்சி ரோடு தாண்டும்போது போலீஸ்காரர் கைய நீட்டுவாரே, அதேதான்டா," என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

கக்கநல்லாவில் தமிழ்நாடு எல்லை. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று தேடினார்கள். எவர்சில்வர் குடத்தைப் பார்த்து அந்த ஊழியர் அம்மாவுக்கு ஒரு சலாம் வைத்தார். அங்கிருந்து தெப்பக்காடு பக்கம்தான்.

முதுமலை 1940-இல் சரணாலயமானது, தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம் என்பார்கள். பிறகு அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகி, 2007-இல் 321 சதுர கிலோமீட்டரும் புலிகள் காப்பகமானது. இந்தப் பக்கம் முதுமலை, அந்தப் பக்கம் பந்திப்பூர், நடுவே மாயாறு. தெப்பக்காடு யானை முகாமில் காலை உணவு நேரத்துக்கு நின்றோம். ராகி, கொள்ளு, அரிசி எல்லாவற்றையும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய பெரிய கவளமாகப் பிடித்து வாய்க்குள் வைக்கிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் என்ன, எவ்வளவு என்று தனிக் கணக்கு. பாகன்களும், அவர்களுக்கு உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதட்டல் எதுவும் காதில் விழவில்லை. தாழ்ந்த குரலில் ஒரு சொல், யானை காலை மடக்குகிறது.

வனத்துறை வண்டியில் சஃபாரி போனோம். புலி தென்படவில்லை. மணலில் அதன் காலடித் தடத்தை ஓட்டுநர் காட்டினார், அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மரத்துக்கு மரம் தாவிய மலபார் அணில், சாம்பல் மந்திகள், தூரத்தில் ஒரு கடமான். வழி நெடுக ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடந்த புதரைப் பார்த்துத் தம்பி மகள், "பெரியப்பா, எவ்ளோ அழகா இருக்கு," என்றாள். அது உண்ணிச்செடி. வெள்ளைக்காரர்கள் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இப்போது காட்டின் தரையை மூடிக்கொண்டு புல் முளைக்கவிடாமல் செய்கிறது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருதும் எதைத் தின்னும், அவை இல்லாவிட்டால் புலி எதைத் தின்னும் என்று அவளுக்கு விளக்கினேன். உடனே, "அப்போ ஏன் இன்னும் புடுங்கல?" என்று கேட்டாள். பிடுங்குகிறார்கள்தான். வேர் துண்டு தங்கினால் மறுபடி துளிர்க்கிறது, பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடுகின்றன. அதற்குக் கொடுக்கிற ஆளும் பணமும் போதாது என்பது வருகிற வழியெல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது.

திரும்பும்போது பகல் வெளிச்சத்தில் குண்டலுப்பேட்டையைச் சுற்றிச் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் ஏக்கர் கணக்கில் பூத்திருப்பதைப் பார்த்தோம். ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்கு இது கிடைக்கும்.

போக நினைக்கிறவர்கள் இ-பாஸைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பெட்ரோலைக் குண்டலுப்பேட்டையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை வரிசையில் நிற்க அலுப்பாக இருக்கிறது என்று ஏழு, எட்டு மணிக்குப் போகாதீர்கள், அதற்குள் பாதி மிருகங்கள் உள்ளே போய்விடும். இன்னொன்று, சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு. கதவு 9 மணி வரை திறந்திருக்கிறதே என்று எட்டரைக்கு உள்ளே நுழைந்து, மூடுவதற்குள் தாண்டிவிடலாம் என்று விரட்டாதீர்கள். மான்களும் யானைகளும் சாலைக்கு வரத் தொடங்கும் நேரம் அதுதான். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்டிவிடுங்கள், முடியாவிட்டால் இந்தப் பக்கமே அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் போங்கள்.