சிங்கப்பூரில் 995

காரிமங்கலத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன எங்கள் சித்தப்பா மகனுக்கு ராத்திரி நெஞ்சுவலி. வியர்த்துக் கொட்டியிருக்கிறது. "காலையில பாத்துக்கலாம்ணா, செலவாகும்" என்றானாம். கூடத் தங்கியிருந்த பாலக்கோட்டு அண்ணன் கேட்கவில்லை. உடனே 995-க்கு அடித்து, வொர்க் பெர்மிட் அட்டையை அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். இப்போது தேறிவிட்டான். அந்த அண்ணனுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோமோ!

நம்ம 108 மாதிரி அங்கே 995. உண்மையான அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கட்டணம் கிடையாது. அப்புறம், வொர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்). ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அது கைகொடுக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து போயிருக்கும் தம்பிகளே, காசை யோசித்து வலியோடு விடியும்வரை படுத்துக் கிடக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.