மூன்று முறை திரும்பி வந்த 90 நாள் திட்டம்

குழுவை நடத்தும் தலைமைத் திறனை வளர்த்துக்கொள்ள எழுதிய 90 நாள் செயல்திட்டத்துக்கு ஒரு வழியாக ஒப்புதல் வாங்கியாயிற்று. ஒரு வாரத்தில் முடியவேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. சுயமதிப்பீடு, படிவம் எல்லாம் ஒரு பிற்பகல் சமாச்சாரம். இழுத்தடித்தது வேறு.

முதல் வரைவில் 11 இலக்குகள். அதில் ஏழு 'மேம்படுத்துதல்' என்றே முடிந்தன. எச்.ஆர். (மனிதவளத் துறை) 'தெளிவு தேவை' என்று இரண்டே சொல்லில் திருப்பி அனுப்பியது. என்ன தெளிவு என்று கேட்டால் 'ஸ்மார்ட் இலக்காக மாற்றுங்கள்' என்று பதில், அவ்வளவுதான். ஸ்மார்ட் (SMART) என்பது, நல்ல இலக்குக்கு வேண்டிய ஐந்து தன்மைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த சொல். எரிச்சல் வந்தாலும் திருப்பியதில் நியாயம் இருந்தது. 1981-ல் ஸ்மார்ட் முறையை எழுதிய ஜார்ஜ் டோரன், நடு எழுத்தான 'ஏ'வுக்கு 'யாரிடம் ஒப்படைப்பது' என்றுதான் பொருள் வைத்தார். இப்போது பல படிவங்களில் அது 'எட்டக்கூடியது' என்று இருக்கிறது. படிவத்தில் இல்லாத 'யார்' கட்டத்தை நாமே சேர்த்ததும் பாதி வரிகள் தாமாக உதிர்ந்தன. பெயர் போட முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

மிஞ்சியவற்றுக்கு இன்னொரு சோதனை: அறை ஓரத்தில் நிற்கும் அந்நியர் அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? 'பொறுமையாகக் கேட்பேன்' என்பதைப் பார்க்க முடியாது. 'கூட்டத்தில் என் கருத்தைக் கடைசியாகச் சொல்வேன்' என்பதைப் பார்க்கலாம், கூட்டக் குறிப்பிலும் (மினிட்ஸ்) குறிக்கலாம். இப்படிச் சலித்ததில் மூன்று இலக்குகள் நின்றன. 90 நாளுக்கு அதுவே தாராளம்.

இரண்டாம் முறை கவிழ்த்தது வெறும் கணக்கு. குழுவில் எட்டுப் பேர், வாரம் ஒருமுறை ஆளுக்கு 30 நிமிடத் தனிச் சந்திப்பு, பிறகு குறிப்பெழுத 10 நிமிடம். மொத்தம் 5 மணி 20 நிமிடம். கேலண்டரில் காலியாக இருந்ததோ மூன்று மணி நேரம். மேலாளர் அந்த வரியில் விரலை வைத்து 'எந்த நேரத்தில்?' என்றார். பதில் இல்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றியதும் வாரம் 2 மணி 40 நிமிடத்தில் அடங்கியது. முதலில் கேலண்டரில் நேரத்தைப் பிடியுங்கள், பிறகு திட்டத்தில் எழுதுங்கள். திங்கள் காலையும் வெள்ளி மாலையும் வேண்டாம். முதலில் ரத்தாவது அவைதான்.

மூன்றாம் முறை கேட்டது, 'இப்போது நிலைமை எப்படி?' தொடக்க அளவு எதுவும் கையில் இல்லை. இது இல்லாவிட்டால் 90-ம் நாள் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று மழுப்ப மட்டுமே முடியும். இரண்டு வாரம் போனது இதில்தான். பெரிய கருவி எதுவும் வேண்டாம்: 'இதைச் செய்யலாமா?' என்று அனுமதி கேட்டு வருபவர்கள் எத்தனை, திருத்தத்துக்குத் திரும்பும் வேலைகள் எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டால் போதும். பெயரில்லாக் கருத்துக்கணிப்பு வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். சின்னக் குழுவில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எல்லோரும் 'நன்று' என்றே எழுதுவார்கள். தனிச் சந்திப்பில் 'நான் எதை நிறுத்த வேண்டும்?' என்று கேளுங்கள். முதல் தடவை 'எல்லாம் சரி' என்பார்கள். மூன்றாம் தடவைதான் வாய் திறப்பார்கள்.

காத்திருந்த நாட்களில் தொடங்கிய வேலை ஒப்படைப்பு தனிக் கூத்து. வாராந்திர அறிக்கையைக் கொடுத்தாயிற்று, ஆனால் தரவுக்கான அனுமதி பழைய பெயரிலேயே இருந்தது. பொறுப்பேற்றவர் ஒவ்வொரு முறையும் வந்து கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கைமாற்றுவதற்கு முன்பே மூன்றைச் சரிபாருங்கள்: கணினி அனுமதி, எதுவரை அவரே முடிவெடுக்கலாம், சிக்கினால் யாரைக் கூப்பிடுவது. முதல் வாரம் சேர்ந்து செய்யுங்கள். இரண்டாம் வாரம் அவர் செய்து நீங்கள் பாருங்கள். மூன்றாம் வாரம் அவரே நேராக அனுப்பட்டும். எண் தப்பென்றால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாக்கியம் உங்கள் நடையில் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை நீங்கள் திருத்திவிட்டால் அந்த வேலை மறுபடி உங்கள் மேசைக்கே வந்துவிடும்.

ஒப்புதலுக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாதீர்கள். ஒன்பது நாள் திறக்கப்படாமலே கிடந்தது. 15 நிமிடம் கேட்டு வாங்கி, ஒரே பக்கத்தைக் கையில் கொண்டுபோனதும் அங்கேயே முடிந்தது. பக்கத்தின் அடியில் 'உங்களிடம் வேண்டுவது' என்று ஒரு வரி சேர்த்ததில், வாரம் ஒரு மணி நேரம் தின்றுகொண்டிருந்த நிலவரக் கூட்டத்திலிருந்து விடுதலையும் கிடைத்தது.

30, 60, 90-ம் நாள் மதிப்பாய்வு அழைப்புகளைக் கையெழுத்து வாங்கிய அன்றே அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் மேலாளரின் கேலண்டரில் இடம் இருக்காது.