பேய்களுக்குக் கூழ் ஊற்றிய இரவு

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பேய்களுக்குக் கூழ் ஊற்றி முடித்தோம். ஏழு மாதமாக என்னைத் தூங்கவிடாத ஒரு விதி முதல்முறையாக மேசையில் தடுமாறாமல் நின்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை இதுதான்: செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்குள் கொண்டுவருவது. 2014ஆம் ஆண்டு விதிகள். ஏன் புதியவை இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். கதை நடப்பது ஏறத்தாழ 1110இல். கலிங்க மன்னன் திறை செலுத்தத் தவறியதால் முதலாம் குலோத்துங்கனின் படை காஞ்சியிலிருந்து வடக்கே கிளம்புகிறது. தளபதி கருணாகரத் தொண்டைமான். ஆட்டக்காரர்கள் நால்வரும் அந்தப் படையின் ஒற்றர்கள்.

முதல் முயற்சியில் நான் செய்த தவறு, பேய் என்றதும் விதிநூலில் இருக்கும் 'கூல்' என்ற பிணந்தின்னியை எடுத்துப் பெயரை மாற்றியது. ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 12, ஹிட் பாயிண்ட் (உயிரளவு) 22, நகம் பட்டால் உடல் மரத்துப்போகும். காளி கோயில் வாசலில் ஆறு பேய்களை நிறுத்தினேன். மூன்றே சுற்றில் ஆறையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, "அடுத்து என்ன?" என்றார்கள். பரணியின் பேய்களுக்கு அந்த மேசையில் நடந்தது பெரிய அநியாயம்.

மறுநாள் 'பேய்களைப் பாடியது' பகுதியை மீண்டும் எடுத்து, வரி வரியாகக் குறிப்பெடுத்தேன். கையும் காலும் முளைத்த கரிய பனங்காடு போல அவை நிற்கும். குகையோடு வாதாடும் வாய். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு மேலே மூன்று முழம் ஏறி நிற்கும். இதை மனித அளவில் வைத்ததே முதல் பிழை. பெரிய உருவம் என்ற வகைக்கு மாற்றினேன். அப்படி மாற்றும்போது உயிரளவைக் கணக்கிடும் பகடை எட்டுப் பக்கத்திலிருந்து பத்துப் பக்கத்துக்குப் போகும். 22 என்பது 27 ஆகும். எண் அவ்வளவுதான் மாறுகிறது. ஆனால் கட்டத்தில் நான்கு சதுரங்களை அடைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தால் மேசையில் பேச்சு தானாகக் குறைகிறது.

இங்கே ஒரு மனக்குறை. அந்த உட்கார்ந்த பேயை முப்பரிமாண அச்சில் எடுக்கப் படம் வரைந்து, 50 மில்லிமீட்டர் அடித்தட்டு வேண்டும் என்று தெளிவாக எழுதி, ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். சாதாரண மனித அளவிலேயே எட்டுப் பொம்மைகள் வந்தன. திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. இப்போது தென்னை ஈர்க்கும் காகிதக் கூழும் வைத்து நானே செய்கிறேன். ஈர்க்கின் மெலிவு பேயின் காலுக்கு அவ்வளவு பொருத்தம். பணம் போனதைத் தவிர வருத்தமில்லை.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது. பரணியின் பேய்கள் உயிரோடு இருப்பவர்களோடு சண்டைக்கு வருவதே இல்லை. பசியோடு காத்திருக்கின்றன. பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்று முடித்த பிறகுதான் களத்துக்கு வருகின்றன, கூழ் அடுகின்றன, உண்டு களித்து வென்ற சோழனை வாழ்த்துகின்றன. வாழ்த்துகின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வயிறு நிறைந்த பேய் நமக்கு நண்பன். அப்படியானால் ஆட்டக்காரர்கள் எவ்வளவு அதிகமாகக் கொல்கிறார்களோ அவ்வளவு பாதுகாப்பு. இரக்கம் காட்டினால் ஆபத்து. இந்தக் கொடுமையான கணக்கை மேசைக்குக் கொண்டுவர முடிந்தால்தான் இது பரணி. இல்லாவிட்டால் வேறு எந்த ஊர்ப் பிசாசும் இதே இடத்தில் நிற்கலாம்.

ஆகவே தாக்குதலே இல்லாத ஓர் அரக்கனை எழுதினேன். நகம் இல்லை, பல் இல்லை. மேசை நடுவில் ஒரு மண்சட்டி. களத்தில் காலாள் ஒருவன் விழுந்தால் ஒரு புளியங்கொட்டை, குதிரைக்கு இரண்டு, யானைக்கு ஐந்து என்று சட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பேய்கள் சட்டியிலிருந்து உண்ணும். சட்டியில் போதாவிட்டால், குறையும் கொட்டை ஒவ்வொன்றுக்கும் பேய்களின் பசி உயிரோடு இருப்பவர்களின் வயிற்றில் இறங்கும். அப்போது உடல்வலுச் சேவிங் த்ரோ, அதாவது தாங்கிக்கொள்ள உருட்டும் பகடை. இலக்கு பத்தோடு குறைந்த கொட்டைகளின் எண்ணிக்கை. தோற்றால் ஒரு படி களைப்பு.

எவ்வளவு உண்ணும் என்பதில்தான் ஐந்து மாதம் போயிற்று.

முதலில் சுற்றுக்கு நான்கு என்று நிலையாக வைத்தேன். இரண்டாவது சுற்றிலேயே மனக்கணக்குப் போட்டுவிட்டார்கள். பசி வாடகை மாதிரி ஆகிவிட்டது. பிறகு பன்னிரண்டு பக்கப் பகடை. ஒன்றும் பன்னிரண்டும் ஒரே வாய்ப்பில் விழுவதால் எந்த எண்ணுக்கும் தனி முகம் இல்லை. இரண்டு ஆறு பக்கப் பகடை வைத்தபோது ஏழைச் சுற்றியே விழுந்து சலிப்புத் தட்டியது. பசி என்பது கொஞ்சம் அடங்குவது போல் இருந்து திடீரென்று மேலும் மேலும் கேட்க வேண்டும்.

விடை வீட்டுப் பரணில் இருந்தது. அம்மாவின் தாயக்கட்டை.

ஒரு கட்டையில் சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு வழிகள். மூன்று விழ நான்கு வழி, இரண்டும் நாலும் விழ மும்மூன்று, தாயமும் (ஒன்று) ஐந்தும் விழ இரண்டிரண்டு, ஆறுக்கு ஒன்று, இரு சுழியும் சேர்ந்த பன்னிரண்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டு விதிப்படி தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. ஊருக்கு ஊர் இது மாறும், தெரியும். கணக்கு ஆசிரியரான நண்பர் பேப்பரில் போட்டுக் காட்டினார்: ஓர் உருட்டலின் சராசரி 3.75. பதினாறில் ஆறு வழிகளில் மறு ஆட்டம் வருவதால் அதை 0.625ஆல் வகுக்க வேண்டும். விடை சரியாக ஆறு. பின்னம் கிடையாது. சுற்றுக்கு ஆறு கொட்டை என்று திட்டமிட்டுப் படைகளை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தச் சுற்றிலும் ஆறை நம்பி இருக்க முடியாது. இரண்டு விழுந்து பேய் அடங்கிவிடும். அடுத்த சுற்றில் ஐந்து, மீண்டும் தாயம், மீண்டும் பன்னிரண்டு, அதன் மேல் ஒரு மூன்று. பித்தளைக் கட்டைகள் பலகையில் உருளும் சத்தமும், "இன்னும் ஒரு முறை" என்று நான் சொல்வதும் சேர்ந்து செய்யும் வேலையை எந்த வர்ணனையாலும் செய்ய முடியாது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

கட்டை வாங்குபவர்களுக்கு ஒரு சொல். கும்பகோணம் பாத்திரக்கடைகளில் கிடைப்பவை கனமானவை, நன்றாக உருள்பவை. ஆனால் விளிம்பை அரம் போட்டு மழித்ததில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். பிளாஸ்டிக் பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது போல் பித்தளையைப் பார்க்க முடியாது. இருநூறு முறை உருட்டி எழுதிப் பார்ப்பது ஒன்றே வழி. அம்மாவின் கட்டைகள் தேறின. நான் புதிதாக வாங்கிய இரண்டில் ஒன்றில் சுழி அளவுக்கு மீறி விழுகிறது. அதை மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

இனி மந்திரம். 'இந்திரசாலம்' பகுதியில் இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் ஒன்று தான் கற்ற வித்தையைக் காளியின் முன் காட்டுகிறது. இரத்த ஆறு ஓடுவதாகத் தோன்றுகிறது. பசித்த பேய்கள் அள்ளி அள்ளிக் குடிக்கப் பாய்ந்து, வாயில் ஒன்றும் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. 'மேஜர் இமேஜ்' என்ற மூன்றாம் நிலை மந்திரம் ஏறக்குறைய இதுவே. ஆனால் அதில் தொட்டவுடன் பொய் என்று தெரிந்துவிடும். பரணியின் பேய்களோ தொட்ட பிறகும் அள்ளுகின்றன. அதனால் தொட்டால் தெளியும் என்ற வரியை மட்டும் நீக்கினேன். ஆராய்ந்து அறியும் சோதனையில் வென்றால்தான் தெளிவு. 2014 விதிகளில் களைப்பின் முதல் படி என்ன செய்கிறது? திறன் சோதனைகள் எல்லாவற்றிலும் இருமுறை உருட்டிச் சிறியதை எடுக்கச் சொல்கிறது. பசித்தவனுக்கு மாயை மெய்யாகத் தெரியும் என்பதற்கு நான் ஒரு விதிகூட எழுத வேண்டியிருக்கவில்லை, அங்கேயே இருந்தது. 2024 விதிகளில் களைப்பு ஒவ்வொரு படிக்கும் இரண்டைக் கழிப்பதாக மாறிவிட்டது. முதல் படியில் அந்தக் கூர்மை இல்லை. பழையதை நான் விடாததற்குக் காரணம் இதுதான்.

நேற்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். தோற்று ஓடும் கலிங்க வீரர்கள் மாறுவேடம் போடும் இடம் பரணியில் எனக்கு மிகவும் பிடித்தது. யானையின் மணிகளைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் பாணர்கள் என்பார்கள். அப்படிப் பன்னிரண்டு பேரைக் காட்டுவழியில் நிறுத்தினேன். வேடத்தைக் கண்டுபிடித்தார்கள். சட்டியில் பதினேழு கொட்டைகள் இருந்தன. கூழ் அடுவதற்கு முப்பது வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரையும் கொன்றால்கூட இருபத்தொன்பதுதான். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கையின் மகள் சொன்னாள்: "மாமா, இவங்களைப் பாட்டுப் பாடச் சொல்லி அனுப்பிடலாம்." அனுப்பிவிட்டார்கள்.

கட்டையை உருட்டினேன். தாயம். மறுபடி ஆறு. மறுபடி நான்கு. பதினொன்று போய்ச் சட்டியில் ஆறு மிஞ்சியது. அப்போது அவளே கேட்டாள்: படையின் அரிசி மூட்டைகளைக் கூழாக்கினால் பேய்கள் குடிக்காதா?

பரணியில் அரிசி என்பது இறந்தவர்களின் பல். முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. மெய்யான அரிசிக்கு அங்கே இடமில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தப் பேய்களுக்கு வேண்டியது பசி தீர்வது. ஆகவே ஒரு நாள் உணவுக்கு எட்டுக் கொட்டை என்று விலை வைத்தேன். மூன்று நாள் உணவைக் கொட்டினார்கள். சரியாக முப்பது. கூழ் கொதித்தது. குருட்டுப் பேய்க்குக் கையில் கலத்தைக் கொடுத்தார்கள். ஊமைப் பேயின் சைகையைப் புரிந்துகொண்டு முதலில் அதற்கு ஊற்றியவள் தங்கை மகள்தான். வாழ்த்தாக எல்லோருக்கும் 'பிளெஸ்' கிடைத்தது; ஒரு முழு நாளுக்கு நான்கு பக்கப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதை விதியாகவே சேர்க்கப் போகிறேன். செயங்கொண்டார் பாடாததுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. திரும்பும் வழியில் கோதாவரியும் பெண்ணையும் பொன்முகரியும் குசைத்தலையும் பாலாறும் கடந்து காஞ்சி போக வேண்டும். மூன்று நாள் சோறு கையில் இல்லை. உணவில்லாமல் ஒருவர் தாங்குவது மூன்று நாளும் உடல்வலுவின் கூட்டலும்தான். அதற்கு மேல் நாளுக்கு ஒரு படி களைப்பு. முதுபேய் அந்த வழியெங்கும் அவர்களோடு நடக்கப்போகிறது.

அந்தப் பயணப் பகுதியை இன்னும் தொடவில்லை. 'காடு பாடியது' பகுதியில் வெயில் பருகிவிடும் என்று அஞ்சி நிழலே குடிபோன பாலைநிலம் ஒன்று வருகிறது. அதற்கு ஓய்வு விதியை எப்படி எழுதுவது என்று இப்போதே யோசனை ஓடுகிறது. கலிங்க அமைச்சன் எங்கராயனுக்கும் தனிப் பகுதி வேண்டும். மன்னன் அனந்தவர்மனின் தாய் சோழ இளவரசி என்பதை அந்த அமைச்சன் வாயால் சொல்ல வைக்க நினைக்கிறேன். விதிகளின் அடிப்படை ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால் எல்லாவற்றையும் சிறு நூலாக அச்சிடத் தடையில்லை. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியையும் புரட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஈர்க்குப் பேய்கள் இன்னும் ஐந்து பாக்கி, முதல் மூன்றுக்குக் கரி பூசியது காயவில்லை. அடுத்த ஆட்டம் வரும் சனிக்கிழமை.